மென்திசுப் புற்றுநோய்க்குக் கீமோ எப்போது?

சித்தப்பாவுக்குத் தொடையில் வந்த கட்டி புற்றுநோய்தான் என்று உறுதியான அன்று, டாக்டர் அறையில் சித்தி கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கீமோ போடணுங்க டாக்டர்?" டாக்டர் ரிப்போர்ட்டிலிருந்து நிமிர்ந்து, "இவருக்குக் கீமோ வேண்டாம்மா. ஆபரேஷன், அப்புறம் கரண்ட். அவ்வளவுதான்" என்றார். சித்திக்கு முகம் செத்துவிட்டது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முத்திப்போச்சுன்னுதான கீமோ வேண்டாங்கறாங்க? நம்மகிட்ட மறைக்கிறாங்களா?" என்று கேட்டார்.

அதே வராந்தாவில் இரண்டு நாற்காலி தள்ளி ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். இருபத்தெட்டு வயது. அவனுக்கும் தொடையில்தான் கட்டி. ஆனால் ஆபரேஷனுக்கு முன்னாலேயே மூன்று கீமோ என்று முடிவாகியிருந்தது. அவன் அம்மாவின் குறை நேர்மாறானது: "கட்டிய எடுக்காம எதுக்கு மருந்து ஏத்தி நாளைக் கடத்துறாங்க?"

ஒரே மருத்துவமனை, ஒரே டாக்டர், இரண்டு பேருக்கும் தொடைக் கட்டி. ஒருவருக்குக் கீமோவே இல்லை, இன்னொருவருக்கு முதல் வேலையே கீமோ. இரண்டும் சரியான முடிவுகள்தான். அது எப்படி என்று எனக்குப் பிடிபடக் கொஞ்ச நாள் ஆனது. நான் டாக்டர் இல்லை. சித்தப்பாவோடு அலைந்த ஒன்றரை வருடத்தில் கேட்டதையும் படித்ததையும், அன்றைக்குச் சித்திக்கு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்கிற விதத்தில் எழுதுகிறேன்.

சதையில் வரும் புற்று

நாம் அதிகம் கேள்விப்படும் மார்பகம், வாய், குடல், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்கள் பெரும்பாலும் ஓர் உறுப்பின் உள்பக்கத்தையோ மேல்பரப்பையோ மூடியிருக்கும் செல்களில் தோன்றுபவை. மென்திசு என்பது வேறு. தசை, கொழுப்பு, ரத்தக் குழாய், நரம்பைச் சுற்றிய உறை, தசைநார் என்று உடம்பை நிரப்பியும் இணைத்தும் வைத்திருக்கிற எல்லாமே மென்திசுதான். இதில் தோன்றும் புற்றுநோய்க்கு சார்கோமா என்று பெயர். கிரேக்க மொழியில் 'சார்க்ஸ்' என்றால் சதை. கை, கால், அதிலும் தொடை, இதற்குப் பிடித்த இடம். வயிற்றின் பின்பக்கம், சிறுநீரகத்தை ஒட்டிய ஆழத்திலும் வரும். அங்கே வந்தால் கால்பந்து அளவு வளர்ந்த பிறகுதான் சிலருக்குத் தெரியவே தெரியும்.

பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று அளவுக்குத்தான் மென்திசு சார்கோமா. அந்த ஒன்றுக்குள்ளேயே ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள். கொழுப்பில் வருவது லைப்போசார்கோமா, குடல், கர்ப்பப்பை போன்ற உறுப்புகளின் சுவரில் இருக்கும் மென்தசையில் வருவது லியோமயோசார்கோமா, ரத்தக் குழாயில் வருவது ஆஞ்சியோசார்கோமா என்று போகும். பெயரில்தான் இவை சொந்தக்காரர்கள். குணத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. சில வகை கீமோவுக்கு நன்றாகக் கரையும், சில வகை எத்தனை பாட்டில் ஏற்றினாலும் அசைந்துகொடுக்காது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் புரியும். "சார்கோமாவுக்குக் கீமோ வேலை செய்யுமா?" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. "எந்தச் சார்கோமாவுக்கு?" என்று கேட்டால்தான் பதில் உண்டு.

முதலில் கத்தி

உடம்பில் வேறெங்கும் பரவாத சார்கோமாவுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் பிரதானம். கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் போதாது. அதைச் சுற்றி நல்ல திசுவும் ஓர் உறைபோல ஒட்டிக்கொண்டு வரும்படி எடுக்க வேண்டும். ஒருகாலத்தில் இதற்குப் பயந்துகொண்டு காலையே எடுத்துவிடுவார்கள். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் ஸ்டீவன் ரோஸன்பர்க் குழுவினர் 43 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 1982இல் வெளிவந்தது. 16 பேருக்குக் காலையோ கையையோ அகற்றினார்கள். 27 பேருக்குக் கட்டியை மட்டும் அகலமாக எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கீமோ இரண்டு தரப்புக்கும் உண்டு. உயிர்பிழைத்தவர்களின் கணக்கில் பெரிய வித்தியாசம் வரவில்லை. இன்றைக்கு முக்கால்வாசிப் பேருக்கும் மேலே காலைக் காப்பாற்ற முடிகிறதென்றால் அதற்கு அடித்தளம் போட்ட ஆய்வுகளில் இது ஒன்று. நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்கிறோமே, அந்தக் கதிர்வீச்சின் வேலை, கட்டி இருந்த இடத்திலேயே மறுபடி முளைக்காமல் பார்த்துக்கொள்வது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சித்தப்பாவின் கட்டியை முதலில் எடுத்தது ஒரு சின்ன கிளினிக்கில். "கொழுப்புக் கட்டிதான், மரத்துப்போற ஊசி போட்டு அரை மணி நேரத்துல எடுத்துடலாம்" என்றார்கள், எடுத்தார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதன் பிறகு, கத்தி பட்ட இடம் முழுவதையும், பழைய தழும்போடு சேர்த்து, இன்னும் பெரிதாக வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. 'கத்தி பட்டா பரவிடும்' என்று ஊரில் சொல்வது உண்மையில்லை. ஸ்கேன் பார்க்காமல் வைத்த கத்திதான் பிரச்சினை. எலுமிச்சம்பழத்தைவிடப் பெரியதாக, ஆழமாக, வளர்ந்துகொண்டே போகிற கட்டி என்றால், வலிக்காவிட்டாலும், முதலில் எம்ஆர்ஐ, அப்புறம் தடித்த ஊசியால் எடுக்கும் பயாப்சி, அதற்குப் பிறகுதான் ஆபரேஷன்.

கட்டியை எடுத்தாயிற்றே, அப்புறம் கீமோ எதற்கு?

தொடையில் வந்த சார்கோமா தொடையில் இருக்கும்வரை உயிரை எடுப்பது அரிது. அது ரத்தத்தோடு போய் நுரையீரலில் உட்கார்ந்துகொள்கிறது. ஆபத்து அங்கேதான். அதனால்தான் காலில் கட்டி என்று போனவருக்கு நெஞ்சுக்கு ஸ்கேன் எழுதுகிறார்கள். சித்தப்பாவுக்கு அது விளங்கவே இல்லை. "வலிக்கிறது இங்க, படம் புடிக்கிறது அங்க" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பார்த்தீனியம் செடியைப் பிடுங்கியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். செடியை வேரோடு எடுத்துவிடலாம். பிடுங்குவதற்கு முன்னாலேயே அது விதை உதிர்த்திருந்தால்? மண்ணில் ஒன்றும் தெரியாது, மழை பெய்த பிறகுதான் தெரியும். கத்தியும் கதிர்வீச்சும் செடிக்கானவை. ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகிற மருந்து, ஸ்கேனில் தெரியாத விதைகளுக்கானது. ஆக, கீமோ வேண்டுமா என்ற கேள்வி இரண்டு துண்டாக உடைகிறது. இந்தக் கட்டி விதை உதிர்த்திருக்கும் வாய்ப்பு எவ்வளவு? இந்த வகை விதை இந்த மருந்துக்குச் சாகுமா?

முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும் பயாப்சி ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. 'கிரேடு' என்று போட்டிருப்பார்கள். செல்கள் சாதாரண செல்லிலிருந்து எவ்வளவு விலகிப்போயிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, கட்டிக்குள் எவ்வளவு பகுதி தானாகவே செத்துக் கிடக்கிறது என்ற மூன்றையும் பார்த்து 1, 2, 3 என்று மதிப்பெண் போடுகிறார்கள். பள்ளிக்கூட மதிப்பெண் மாதிரி இல்லை, இதில் 3 வாங்கினால் மோசம். கிரேடு 1 கட்டி நுரையீரலுக்குப் போவது அபூர்வம், அதற்குக் கீமோ தேவையில்லை. கிரேடு 3, ஐந்து சென்டிமீட்டரைவிடப் பெரியது, தசைக்குள் ஆழமாக இருப்பது என்று மூன்றும் சேர்ந்தால்தான் பேச்சு கீமோ பக்கம் திரும்பும். இதோடு வயதையும் வகையையும் சேர்த்து, பத்து வருட வாய்ப்பைக் கணக்கிட்டுச் சொல்லும் 'சார்குலேட்டர்' என்ற செயலிகூட இருக்கிறது. டாக்டர்களுக்கானது, நாமே தட்டிப் பார்த்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

சித்தப்பாவுக்கு வயது 71. கட்டி தோலுக்குச் சற்றுக் கீழே, தசைக்குள் இறங்காமல் இருந்தது, நான்கு சென்டிமீட்டர், கிரேடு 2. அந்தப் பையனுக்குச் சினோவியல் சார்கோமா என்ற வகை, கிரேடு 3, ஒன்பது சென்டிமீட்டர், தொடை எலும்பை ஒட்டிய ஆழத்தில். இந்த வகை இளவயதினருக்கு அதிகம் வருவது, கீமோவுக்கு ஓரளவு நன்றாக மசிவது. இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிவு தானாகவே வந்துவிடும்.

ஆய்வுகள் ஏன் ஒத்துப்போகவில்லை

ஆபரேஷனோடு சேர்த்துக் கொடுக்கும் 'காப்புக் கீமோ' பற்றி மருத்துவ உலகம் நாற்பது வருடத்துக்கும் மேலாக வாதாடிக்கொண்டிருக்கிறது. இரண்டு டாக்டர்களிடம் போனால் இரண்டு கருத்து வருவதற்கு இதுதான் காரணம், ஒருவர் தெரியாதவர் என்பதல்ல.

1997இல் 14 ஆய்வுகளை, 1,568 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்து அலசிப் பார்த்தார்கள். டாக்சோரூபிசின் என்ற மருந்தை அடிப்படையாகக் கொண்ட கீமோ. பத்து வருடம் கழித்து, நோய் திரும்பாமல் இருந்தவர்கள் கீமோ இல்லாதவர்களில் நூற்றுக்கு 45, கீமோ எடுத்தவர்களில் 55. நல்ல வித்தியாசம். ஆனால் உயிரோடு இருந்தவர்கள்? 50க்கு 54. அதாவது நூறு பேர் மருந்து வாங்கி, நூறு பேருக்கும் முடி கொட்டி, வாந்தி எடுத்து, கூடுதலாகப் பிழைத்தது நான்கு பேர். அந்த நாலும்கூடத் தற்செயலாக வந்ததாக இருக்கலாம் என்று புள்ளியியல் சொன்னது.

2008இல் இன்னும் சில ஆய்வுகளைச் சேர்த்தார்கள், மொத்தம் 18 ஆய்வுகள், 1,953 பேர். டாக்சோரூபிசினோடு ஐபாஸ்பமைடு என்ற இரண்டாவது மருந்தையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வுகளில் மட்டும் இறப்பு 41இலிருந்து 30 சதவீதமாக இறங்கியிருந்தது. சரி, கேள்வி முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு 2012இல் ஓர் அடி. ஐரோப்பாவில் 351 பேரை வைத்து அதே இரண்டு மருந்தைக் கொடுத்துப் பார்த்ததில், ஐந்து வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் கீமோ எடுத்தவர்களில் 66.5 சதவீதம், எடுக்காதவர்களில் 67.8. லாபமே இல்லை.

எப்படி இப்படி மாறி மாறி வரும்? நூற்றில் ஒன்றாக வரும் நோய். அதில் ஐம்பது வகை. ஆய்வுக்கு ஆள் சேர்க்க வேண்டுமென்றால் கிடைத்த வகையையெல்லாம் ஒரே கூடையில்தான் போட வேண்டியிருக்கிறது. மருந்துக்கு மசியும் வகையும் மசியாத வகையும், சின்னக் கட்டியும் பெரிய கட்டியும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்தால், லாபம் அடைந்தவர்களின் கணக்கு மற்றவர்களின் கணக்கில் கரைந்துபோகும். என்னைக் கேட்டால், இந்த ஆய்வுகள் கீமோவின் தோல்வியைக் காட்டவில்லை, எல்லோருக்கும் கொடுப்பதன் தோல்வியைத்தான் காட்டின. அந்த 2012 ஆய்வில் இருந்தவர்களைப் பிற்பாடு ஆபத்துவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும் கீமோ உதவியதற்கான அடையாளம் தெரிந்தது.

அதன் பிறகு இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ், போலந்து டாக்டர்கள் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். ஆபத்து அதிகம் உள்ள ஐந்து வகைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கைகால், உடல்சுவர்க் கட்டிகள், எல்லாம் கிரேடு 3, ஐந்து சென்டிமீட்டருக்கு மேல். ஆபரேஷனுக்கு முன்பு மூன்று கீமோ. பாதிப் பேருக்கு எல்லோருக்கும் பொதுவான மருந்து, அதாவது டாக்சோரூபிசினின் நெருங்கிய உறவான எபிரூபிசினும் ஐபாஸ்பமைடும். மீதிப் பேருக்கு அவரவர் வகைக்குப் பொருத்தமென்று கருதிய மருந்து. வகை பார்த்துக் கொடுத்ததுதான் ஜெயிக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 2017இல் முதல் முடிவு வந்தபோது, பழைய பொது மருந்துதான் முன்னால் நின்றது. பையனுக்கு முன்கூட்டியே மூன்று கீமோ என்ற முடிவு வந்த வழி இதுதான். முன்னாலேயே கொடுப்பதில் இன்னொரு சௌகரியம் உண்டு. கட்டி உள்ளே இருக்கும்போதே மருந்து அதற்கு ஏறுகிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிடலாம். எடுத்த பிறகு கொடுத்தால் இருட்டில் கல்லெறிவதுதான்.

சிவப்பு மருந்து

டே கேர் வார்டில் புதிதாக வருபவர்கள் திரும்பிப் பார்ப்பது அந்த மருந்தைத்தான். மற்ற பாட்டில்களெல்லாம் தண்ணீர் மாதிரி இருக்க, இது மட்டும் ரோஜாப்பூ சர்பத் நிறத்தில் தனியாகத் தெரியும். டாக்சோரூபிசின். இத்தாலியில் காஸ்டெல் டெல் மான்டே என்ற பழைய கோட்டைக்கு அருகே எடுத்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிர், சிவப்பாக ஒரு பொருளைச் சுரந்தது. அதிலிருந்து முதலில் ஒரு மருந்தும், அந்த நுண்ணுயிரைக் கொஞ்சம் மாற்றி வளர்த்ததில் 1960களின் கடைசியில் டாக்சோரூபிசினும் வந்தன. பக்கத்தில் இருந்த ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் ஏட்ரியாமைசின் என்றும் சொல்வார்கள். பல நர்ஸ்கள் இன்றும் 'ஏட்ரியா' என்றுதான் சொல்கிறார்கள். புதுப்புது மருந்தெல்லாம் வந்தும், அரை நூற்றாண்டாகச் சார்கோமா கீமோவின் முதுகெலும்பு இதுதான்.

இது செய்யும் வேலையை இப்படிச் சொல்லலாம். செல் இரண்டாகப் பிரியும்போது முறுக்கேறிய டிஎன்ஏ கயிறு பிரிய வேண்டும். பிரிக்கப் பிரிக்க முன்னால் முறுக்கு ஏறிச் சிக்கிக்கொள்ளும். அதற்காகவே ஒரு நொதி இருக்கிறது. கயிற்றை வெட்டி, முறுக்கை விட்டு, மறுபடி முடிச்சுப் போடும். டாக்சோரூபிசின் கயிற்றின் புரிகளுக்கு நடுவே நுழைந்து, வெட்டிய பிறகு முடிச்சுப் போட விடாமல் அந்த நொதியைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. வெட்டுப்பட்ட கயிறுகள் குவிந்துபோய்ச் செல் செத்துவிடுகிறது. வேகமாகப் பிரியும் செல்தான் அதிகம் அடிபடும். கிரேடு 3 கட்டிக்கு மருந்து ஏறுவதும், மெதுவாக வளரும் கட்டிக்கு ஏறாததும் இதனால்தான். முடிக்கால், ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை, வாயின் உள்தோல் இவையெல்லாம் வேகமாகப் பிரியும் செல்கள் என்பதால் அவையும் சேர்ந்து அடி வாங்குகின்றன.

அளவை உடம்பின் பரப்பளவை வைத்துக் கணக்கிடுவார்கள், எடையை மட்டும் வைத்து அல்ல. பையன் 165 சென்டிமீட்டர் உயரம், 60 கிலோ. பரப்பளவு ஏறக்குறைய 1.66 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம் என்று போட்டால் ஒரு தடவைக்கு 124 மில்லிகிராம் சொச்சம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை. இந்த மருந்துக்கு ஆயுள்கணக்கு உண்டு. வாழ்நாளில் மொத்தம் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராமைத் தாண்டினால் இதயத் தசை பலவீனமாகும் ஆபத்து மளமளவென்று ஏறும். ஆறு தடவை 75 போட்டால் 450 ஆகிவிடுகிறது, அதனால்தான் பெரும்பாலும் ஆறோடு நிறுத்திவிடுகிறார்கள். தொடங்கும் முன் எக்கோ எடுப்பதும் அதற்காகத்தான். முன்பு வேறு புற்றுநோய்க்கு இந்த மருந்தை எடுத்திருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், பழைய கணக்கும் சேரும்.

அடுத்த ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தம் என்று பயந்து நடுராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் இருக்கிறார்கள், மருந்தின் நிறம்தான் அது. ஆனால் மருந்து ஏறும்போது ஊசி போட்ட இடத்தில் எரிந்தால் அடுத்த நொடியே நர்ஸைக் கூப்பிட வேண்டும். ரத்தக் குழாயைவிட்டு வெளியே கசிந்தால் சதையே புண்ணாகிவிடும் மருந்து இது. 'கொஞ்சம் பொறுத்துக்கலாம்' என்று இருக்கவே கூடாது. பையனுக்குக் கழுத்துக்குக் கீழே, தோலுக்கடியில், பெரிய ரத்தக் குழாய்க்கு நேராக மருந்து ஏற்றும் 'போர்ட்' வைத்துவிட்டதால் அந்தக் கவலை கணிசமாகக் குறைந்தது.

ஐபாஸ்பமைடு நிறமில்லாதது, சேட்டையில் குறைந்ததல்ல. உடம்பில் அது உடையும்போது உருவாகும் ஒரு பொருள் மூத்திரப்பையை அரித்து ரத்தம் வரவைக்கும். அதைத் தடுக்க மெஸ்னா என்ற மருந்தையும் கூடவே கொடுத்து, பாட்டில் பாட்டிலாக நீர் ஏற்றுவார்கள். அதனால் பையன் ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு நாள் வார்டில் படுக்க வேண்டியிருந்தது. சிலருக்கு இந்த மருந்தில் குழப்பமும் உளறலும் வரும். கூட இருப்பவர்தான் முதலில் கவனிப்பார், உடனே சொல்ல வேண்டும். இரண்டு மருந்தும் குழந்தைப்பேற்றைப் பாதிக்கக்கூடியவை என்பதால், கல்யாணம் ஆகாத அந்தப் பையனிடம் விந்தணுவைச் சேமித்துவைப்பது பற்றி முதல் நாளே பேசினார்கள். அவன் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். சங்கடமான பேச்சுத்தான், ஆனால் முதல் பாட்டில் ஏறுவதற்கு முன்பே பேச வேண்டிய பேச்சு.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு விதி. ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளையணு எண்ணிக்கை தரையில் இருக்கும். அந்தச் சமயத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காமல், ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரி. கீமோவில் உயிருக்கு ஆபத்து என்று ஒன்று இருந்தால் பெரும்பாலும் அது இந்தக் காய்ச்சலை அலட்சியம் செய்வதில்தான் இருக்கிறது.

பரவிவிட்டால்

நுரையீரலில் புள்ளிகள் தெரிந்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. ஒன்றிரண்டு புள்ளி மட்டும் என்றால் அதையும் ஆபரேஷன் செய்து எடுப்பதுண்டு. நிறைய என்றால் கீமோதான் முன்னால் வரும். இங்கே நோக்கம் பெரும்பாலும் முழுக் குணமல்ல, நோயை அடக்கிவைத்து நல்ல நாட்களைக் கூட்டுவது. இதை நோயாளியிடம் ஒளிக்காமல் பேசுகிற டாக்டர் கிடைப்பது பாக்கியம்.

ஒரு மருந்தா, இரண்டா? ஐரோப்பாவில் 455 பேரிடம் இதைச் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். டாக்சோரூபிசின் மட்டும் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குக் கட்டி சுருங்கியது, ஐபாஸ்பமைடும் சேர்த்தபோது 26 பேருக்கு. ஆயுளோ 12.8 மாதத்துக்கு 14.3, உறுதியாகச் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வெள்ளையணு குறைந்து காய்ச்சல் வந்தவர்கள் மட்டும் 13 சதவீதத்திலிருந்து 46க்குத் தாவினார்கள். ஆகவே, கட்டி எதையாவது அழுத்தி மூச்சு முட்டுகிறது, வலி தாங்கவில்லை, சுருக்கியே ஆக வேண்டும் என்றால் இரண்டு மருந்து. அவசரம் இல்லையென்றால் ஒன்றே போதும். 'ரெண்டு மருந்து போட்டா இன்னும் நல்லதுதான' என்று கேட்பவர்களுக்கு இந்த எண்களைக் காட்டலாம்.

அதற்கடுத்த கட்டத்தில் வகைக்கு வகை வழி பிரிகிறது. ஆஞ்சியோசார்கோமா ரத்தக் குழாயில் வருவது, அதற்கு வாராவாரம் பாக்லிடாக்செல் நன்றாகக் கேட்கும். மற்றச் சார்கோமாக்களுக்கு அதே மருந்தால் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை. டிராபெக்டெடின் என்று ஒன்று, கரீபியன் கடலில் அலையாத்தி மரங்களின் வேரில் கொத்துக்கொத்தாக ஒட்டி வாழும் ஒரு மெத்தென்ற கடல் உயிரியிலிருந்து கிடைத்தது. மிக்சாய்டு லைப்போசார்கோமாவிலும் லியோமயோசார்கோமாவிலும் இதற்கு மதிப்பு. லியோமயோசார்கோமாவில் டாக்சோரூபிசினோடு இதையும் சேர்த்துக் கொடுத்த ஒரு பிரெஞ்சு ஆய்வில் சராசரி ஆயுள் 24 மாதத்திலிருந்து 33 ஆகக் கூடியது. இந்த நோயில் இப்படி ஒரு தாவல் பார்ப்பது அரிது. எரிபுலின் ஒரு ஜப்பானியக் கடற்பஞ்சில் இருந்த பொருளைப் பார்த்துச் செய்தது, லைப்போசார்கோமாவுக்கு அமெரிக்காவில் 2016இல் அனுமதி பெற்றது.

கீமோவே வீண் என்கிற வகைகளும் உண்டு. வயிறு, குடல் சுவரில் வரும் ஜிஸ்ட் கட்டிக்குக் கீமோ கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யாது. 2002இல் இமாட்டினிப் மாத்திரை அதற்கு வந்த பிறகு, மாதக்கணக்கில் வாழ்ந்தவர்கள் வருடக்கணக்கில் வாழத் தொடங்கினார்கள். ஆல்வியோலர் சாஃப்ட் பார்ட் என்ற அபூர்வ வகைக்கும் கீமோ ஏறாது, அதற்கு நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்து இருக்கிறது. இதற்கு நேரெதிராக, ராப்டோமயோசார்கோமா, எலும்புக்கு வெளியே வரும் ஈவிங் சார்கோமா ஆகியவை பெரியவர்களுக்கு வந்தாலும் பல மருந்துக் கீமோதான் சிகிச்சையின் ஆணிவேர். அங்கே 'கீமோ வேண்டாமே' என்று தட்டிக்கழிப்பது தப்பாகப் போய்விடும்.

புது மருந்து என்றதும் பாய்ந்துவிடவும் கூடாது. ஒலாராட்டுமாப் என்ற ஊசியை டாக்சோரூபிசினோடு சேர்த்து 133 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஆயுள் 14.7 மாதத்திலிருந்து 26.5 ஆனது. 2016இல் அவசரமாக அனுமதியும் கிடைத்தது. பிறகு 509 பேரிடம் பார்த்தபோது, ஊசியோடு 20.4 மாதம், ஊசி இல்லாமல் 19.7. மருந்தை விலக்கிக்கொண்டார்கள். அந்த இடைப்பட்ட காலத்தில் வீட்டை அடகுவைத்து அந்த ஊசியை வாங்கியவர்கள் எங்காவது இருந்திருப்பார்கள் என்பதை நினைத்தால் ஒருமாதிரி இருக்கிறது.

டாக்டரிடம் போகும்போது நாம் கையில் வைத்திருக்க வேண்டியது, சோதனைக்கு எடுத்த சதையின் மெழுகு பிளாக்கும் கண்ணாடி ஸ்லைடுகளும். எடுத்த லேபில் கேட்டால் தருவார்கள். சார்கோமாவை அடிக்கடி பார்க்கிற நோய்க்கூறு நிபுணர் ஒருவர் மறுபடி பார்க்கும்போது வகையின் பெயரே மாறிவிடுவது அபூர்வமல்ல. பெயர் மாறினால் மருந்தும் மாறும். கேட்க வேண்டியது, "எத்தனை கீமோ?" என்பதல்ல. என்ன வகை, என்ன கிரேடு, கீமோ எதற்காக, குணமாக்கவா, திரும்பாமல் தடுக்கவா, அடக்கிவைக்கவா, போட்டால் நூற்றுக்கு எத்தனை பேருக்கு லாபம் என்று கேட்கலாம். கேட்டதற்காக எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பையனுக்கு மூன்று கீமோ முடிந்து எம்ஆர்ஐ எடுத்தபோது கட்டி ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையவில்லை. அவன் அம்மா உடைந்துபோய்விட்டார். ஆபரேஷனில் எடுத்த கட்டியை லேபில் அறுத்துப் பார்த்த ரிப்போர்ட் மூன்று வாரம் கழித்து வந்தது: பெரும்பகுதி செத்த செல்கள். சார்கோமாவில் இது நடக்கும், அளவு அப்படியே இருந்து உள்ளே மட்டும் கருகிப்போயிருக்கும். அந்தத் தாளை அவர் கைப்பைக்குள் மடித்துவைத்துக்கொண்டு, வார்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினார். சித்தியிடமும் காட்டினார். சித்தி படித்துவிட்டு, "எங்களுக்குக் கீமோ இல்லைன்னு சொன்னப்ப நான் ரெண்டு நாள் சாப்பிடல தெரியுமா" என்றார்.

சித்தப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சு ஸ்கேன். இதுவரை நான்கு எடுத்தாயிற்று, நான்கிலும் நுரையீரல் சுத்தம். ஐந்தாவது தை கடைசியில். இப்போதும் ஒவ்வொரு முறையும் டெக்னீஷியனிடம், "தம்பி, கட்டி கால்ல இருந்துச்சு" என்று மறக்காமல் சொல்லிவிட்டுத்தான் படுக்கிறார்.